ரோமானியப் படைவீரனின் சுமை எத்தனை கிலோ?

ஐரோப்பாவின் பழைய கோட்டை இடிபாடுகளிலும் அருங்காட்சியக முற்றங்களிலும் கோடைக்காலத்தில் ரோமானியப் படைவீரர்களைப் போல உடையணிந்து, அணிவகுத்து, ஈட்டி எறிந்து காட்டும் குழுவினரைப் பார்க்கலாம். இவர்களை வரலாற்று மீள்நிகழ்த்துநர்கள் எனலாம். அகழாய்வில் கிடைத்த பொருள்களையும் சிற்பங்களையும் பண்டை நூல்களையும் ஒப்பிட்டு அதே வடிவில் கவசமும் ஆயுதமும் செய்வித்து, அவற்றை அணிந்து நடந்து பார்ப்பது இவர்களது பொழுதுபோக்கு. சிலருக்கு அது ஆராய்ச்சியும்கூட. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் 1972இல் தொடங்கப்பட்ட எர்மைன் ஸ்ட்ரீட் கார்ட் இத்தகைய குழுக்களுள் மூத்த ஒன்று. இவர்களைக் காணும் பார்வையாளர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: இதெல்லாம் சேர்த்து எத்தனை கிலோ இருக்கும்?

ஒருவர் 20 கிலோ என்பார். அடுத்தவர் 30 என்பார். வேறொருவர் 45 கிலோவுக்கு மேல் என்று சொல்லி வியப்பூட்டுவார். மூவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். முதலாமவர் போர்க்களத்தில் உடலில் கிடக்கும் கவசத்தையும் கையிலிருக்கும் ஆயுதங்களையும் மட்டும் கணக்கிடுகிறார்; இரண்டாமவர் உடை, செருப்பு, கேடயத்தின் தோலுறை வரை சேர்த்துக்கொள்கிறார்; மூன்றாமவரின் கணக்கில் தோளில் தொங்கும் மூட்டையும் அடங்கியிருக்கிறது. ஆகவே எடையைக் கேட்பதற்கு முன் எந்த எடையைக் கேட்கிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ரோமானியப் படையின் சுமை மூன்று பங்காகப் பிரிந்திருந்தது. உடலில் அணிவதும் கையில் பிடிப்பதும் ஒரு பங்கு. அணிவகுப்பின்போது மட்டும் தோளில் ஏறுவது இன்னொரு பங்கு. மூன்றாவது பங்கு கோவேறு கழுதையின் முதுகில் சென்றது. மூன்றாவதை மறந்துவிட்டு எல்லாவற்றையும் வீரனின் தலையில் ஏற்றிவிடுவதே இது குறித்துப் பரவலாகக் காணப்படும் பிழை.

உடலில் அணிவதிலிருந்து தொடங்குவோம். இங்கே நான் எடுத்துக்கொள்வது கி.பி. முதல் நூற்றாண்டின் காலாட்படை வீரனை. ஏனெனில் மீள்நிகழ்த்துநர்களில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது அந்தக் காலத்தையே. அவன் அணிந்த கவசம் இரண்டு வகையாக இருக்கலாம். ஆயிரக்கணக்கான இரும்பு வளையங்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்த சங்கிலிக் கவசம் பழையது. மீளுருவாக்கங்களில் அது 10 கிலோவை ஒட்டியும், நீளமும் தோள்மடிப்பும் கூடினால் அதற்கு மேலும் இருக்கிறது. இரும்புப் பட்டைகளைத் தோல்வார்களால் உட்புறம் இணைத்துச் செய்த பட்டைக் கவசம் சற்றுப் பிந்தியது. அது 7 முதல் 9 கிலோவுக்குள் அடங்கிவிடும். இந்தப் பட்டைக் கவசம் எவ்வாறு பொருந்தியது என்பதை இன்று நாம் அறிவதற்குப் பெரிதும் காரணம், 1964இல் வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் எல்லைச்சுவருக்கு அருகிலுள்ள கார்பிரிட்ஜில் ஒரு மரப்பெட்டியில் புதைந்து கிடைத்த கவசத் தொகுதிதான். லண்டன் கோபுர ஆயுதச்சாலையைச் சேர்ந்த எச். ரஸ்ஸல் ராபின்சன் அந்தத் துண்டுகளை ஆராய்ந்து அணியக்கூடிய வடிவத்தை மீட்டெடுத்தார். இன்றைய மீள்நிகழ்த்துநர்கள் அணியும் பட்டைக் கவசங்களில் மிகப்பல அந்த வேலையின் வழித்தோன்றல்களே.

இரண்டு கிலோ மூன்று கிலோ வேறுபாட்டைக் காட்டிலும் எடை எங்கே உட்காருகிறது என்பது முக்கியமானது. சங்கிலிக் கவசம் துணியைப் போலத் துவள்வதால் அதன் எடை முழுவதும் தோள்களில் தொங்கும். இடுப்பில் வாரை இறுகக் கட்டி, கவசத்தைச் சிறிது மேலே இழுத்து வாரின் மீது மடித்துவிட்டால் எடையில் ஒரு பகுதி இடுப்பெலும்புக்கு இறங்கிவிடும். இதைச் செய்யாமல் அரைநாள் நின்ற ஒருவரின் தோள்பட்டை எப்படி வலிக்கும் என்பதை அனுபவசாலிகள் புதியவர்களுக்கு முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறார்கள். கவசத்துக்கு உள்ளே அணியும் திண்டு வைத்த உள்ளாடை ஒரு கிலோவுக்கு மேல் எடை கூட்டினாலும், தோளில் பதியும் அழுத்தத்தைப் பரப்பிவிடுவதால் அதைச் சேர்த்தால் சுமை குறைந்ததாகவே உடல் உணரும்.

தலைக்கவசம் ஏறத்தாழ 2 கிலோ. உறையோடு சேர்ந்த குறுவாள் ஒன்றரை கிலோ அளவுக்கு வரும். உலோகத் தகடுகள் பதித்த இடுப்புவாரும் அதில் தொங்கும் குத்துவாளும் சேர்ந்து இன்னொரு ஒன்றரை கிலோ. எறியீட்டி ஒன்றரை முதல் 2 கிலோ. இவை ஒவ்வொன்றும் தனியாகக் கையில் எடுத்தால் பொருட்டாகத் தோன்றாதவை.

கேடயத்தின் கதை வேறு. எகிப்தின் ஃபாயும் பகுதியில் 1900இல் ஒரு ரோமானியக் கேடயம் கிடைத்தது. பாலைவன மணல் அதன் மரத்தைக் காப்பாற்றியிருந்தது. 128 செ.மீ. உயரமும் 63.5 செ.மீ. அகலமும் கொண்ட அது, பிர்ச் மரப் பட்டிகைகளை மூன்று அடுக்காகக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிச் செய்யப்பட்டது; இன்றைய ஒட்டுப்பலகையின் நுட்பமே அங்கே இருக்கிறது. ஓவியரும் வரலாற்று ஆய்வாளருமான பீட்டர் கானலி அதைப் போல ஒன்றைச் செய்து பார்த்தபோது அது சுமார் 10 கிலோ இருந்தது. சிரியாவின் டூரா யூரோப்போஸ் நகரில் கிடைத்த கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக் கேடயமோ ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய உயரமும் சில மில்லிமீட்டர் கனமும் கொண்டது; அதன் வழியில் செய்யப்படும் பிரதிகள் ஐந்தரை முதல் ஏழரை கிலோ வரை இருக்கின்றன. முதல் நூற்றாண்டு வீரனுக்கு 7 கிலோ என்று வைத்துக்கொள்வது நியாயமான மதிப்பு. இதன்மீது மழையிலிருந்து காக்க ஆட்டுத்தோல் உறை ஒன்று போர்த்தப்படும். உறை காய்ந்திருக்கும்போது ஒரு கிலோ அளவு கூடும். நனைந்துவிட்டால் அது எவ்வளவு கூடும் என்பதை மழையில் நடந்தவர்கள் அறிவார்கள். கம்பளிப் போர்வையும் அப்படியே. எடைப்பட்டியல்கள் எல்லாமே வெயில் நாளின் பட்டியல்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கம்பளி மேலாடை, போர்வை, கழுத்துத்துணி ஆகியவை இரண்டு மூன்று கிலோ. ஆணி அடித்த தோல் செருப்பு இணை ஒன்று ஏறத்தாழ ஒரு கிலோவுக்குச் சற்று மேல். எல்லாவற்றையும் கூட்டினால், பட்டைக் கவசம் அணிந்தவனுக்கு 25 கிலோவை ஒட்டியும் சங்கிலிக் கவசம் அணிந்தவனுக்கு 30 கிலோவை நெருங்கியும் ஒரு தொகை கிடைக்கிறது. போர் தொடங்கும்போது போர்வையும் கேடய உறையும் கழன்றுவிடும், ஈட்டியும் எறியப்பட்டுவிடும்.

இனி மூட்டைக்கு வருவோம். இதைப் பற்றிப் பண்டை ஆசிரியர்கள் பேசிய அளவுக்குக் கவசத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்குச் சுவையான செய்தி. கி.பி. முதல் நூற்றாண்டில் யூதர்கள் ரோமை எதிர்த்து நடத்திய போரை நேரில் கண்டு எழுதிய வரலாற்றாசிரியர் ஜோசீபஸ், ரோமானியக் காலாள் ஒவ்வொருவனும் ரம்பம், கூடை, பிக்காசு, கோடரி, தோல்வார், அரிவாள், சங்கிலி, மூன்று நாள் உணவு ஆகியவற்றைச் சுமந்தான் என்றும், சுமையேற்றிய கோவேறு கழுதைக்கும் அவனுக்கும் அதிக வேறுபாடு இல்லை என்றும் எழுதுகிறார். அவருக்கு முன்பே இந்த ஒப்பீடு படையில் வழங்கிவந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் படைத்தலைவர் காயஸ் மாரியஸ், பின்னால் வரும் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக வீரர்கள் தம் பாத்திரங்களையும் உணவையும் தாங்களே கவைக்கோலில் கட்டிச் சுமக்கச் செய்தார். அதனால் அவர்களுக்கு ‘மாரியஸின் கோவேறு கழுதைகள்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

மாரியஸுக்கும் முந்தைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கி.மு. 134இல் ஸ்பெயினின் நுமான்டியா நகரை முற்றுகையிடச் சென்ற இளைய சிபியோ, ஒழுங்கு குலைந்துகிடந்த படையைத் திருத்த முதலில் வணிகர்களை முகாமிலிருந்து விரட்டினார். வண்டிகளையும் பொதிமிருகங்களையும் விற்கச் செய்தார். சமைப்பதற்கு ஓர் இரும்புக் கம்பி, ஒரு வெண்கலப் பானை, குடிக்க ஒரு குவளை ஆகியவற்றுக்கு மேல் எவரும் வைத்திருக்கக் கூடாது என்றார். பிறகு ஒவ்வொருவனும் 30 நாளுக்கான தானியத்தையும் ஏழு முளைக்கழிகளையும் சுமக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். இந்த 30 நாள் என்பது எவ்வளவு? ரோமானியக் காலாளுக்கு மாதம் எவ்வளவு கோதுமை அளக்கப்பட்டது என்பதை வரலாற்றாசிரியர் போலிபியஸ் குறித்திருக்கிறார். அதை இன்றைய அளவுக்கு மாற்றினால் நாளொன்றுக்குச் சுமார் 850 கிராம் வருகிறது. மூன்று நாளுக்கு இரண்டரை கிலோ. அது சுமையே இல்லை. படைவீரர்கள் அரைமாதத்துக்கும் மேலான உணவைச் சுமந்தார்கள் என்று ரோமானியச் சொற்பொழிவாளர் சிசெரோ சொல்வதை எடுத்துக்கொண்டால் 13 கிலோவுக்கு மேல். சிபியோவின் 30 நாள் என்றால், நம் மளிகைக் கடையில் விற்கும் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைக் கவசத்துக்கும் கேடயத்துக்கும் மேலாகத் தோளில் ஏற்றிக்கொள்வதற்குச் சமம். சிபியோ செய்தது தண்டனையும் பயிற்சியும் கலந்த ஒன்று என்றே நான் கருதுகிறேன். அதை ரோமானியப் படையின் அன்றாட வழக்கமாகக் கொள்வது சரியாகாது.

உணவின் அளவு ஒன்று மட்டுமே மூட்டையின் எடையை 10 கிலோவுக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ வல்லது என்பது இதிலிருந்து புலப்படும். அதிலும் உணவு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவது. முதல் நாள் காலையில் அளந்த எடை மூன்றாம் நாள் மாலையில் இருக்காது. மீள்நிகழ்த்துநர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மூன்று நாள் கணக்கின்படியே பார்த்தால் உணவு இரண்டரை முதல் 3 கிலோ. தண்ணீர்ப் பையும் தண்ணீரும் 2 கிலோவுக்கு மேல். வெண்கல வாணலியும் சிறு வாளியும் ஏறத்தாழ 2 கிலோ. கைப்பிடி போட்ட பிக்காசு இரண்டு அல்லது இரண்டரை கிலோ. கூடை, தோல்பை, கவைக்கோல் ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு கிலோ. மாற்றுத்துணியும் சில்லறைப் பொருள்களும் ஒன்றரை கிலோ. இவற்றோடு முகாமைச் சுற்றி வேலியாக நடுவதற்கான இரண்டு முளைக்கழிகள். ஜெர்மனியின் ஓபராடன் கோட்டையில் இருமுனையும் கூராகச் சீவி நடுவில் பிடிப்பதற்கு இடம் குறைத்த ஓக் மரக்கழிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அந்த அளவில் செய்தால் இரண்டும் சேர்ந்து 3 கிலோவைத் தாண்டும். ஆக மூட்டையின் பங்கு ஏறத்தாழ 17 கிலோ. முன்சொன்ன தொகையோடு கூட்டினால் 42 முதல் 47 கிலோ வரை வருகிறது. மூன்றாமவர் சொன்ன பெரிய எண் இப்படிப் பிறந்ததுதான்.

இந்தக் கூட்டலில் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு வீரனும் எல்லாக் கருவிகளையும் சுமந்தான் என்று கொண்டால்தான் இந்தத் தொகை வரும். எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு ஒரே கூடாரத்தில் தங்கியது; அவர்களுக்கு எட்டு ரம்பமும் எட்டு அரிவாளும் தேவைப்பட்டிருக்காது. ஜோசீபஸ் தரும் பட்டியல் குழுவாகப் பங்கிட்டுக்கொண்ட கருவிகளை ஒருவன் தோளில் ஏற்றிக் காட்டுகிறது என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. அந்தக் குழுவுக்கென ஒரு கோவேறு கழுதை இருந்தது. ஆட்டுத்தோலைத் துண்டு துண்டாகத் தைத்துச் செய்த கூடாரமும் கோதுமை அரைக்கும் திருகைக்கல்லும் அதன் முதுகில் சென்றன. ஹேட்ரியன் சுவரையொட்டிய விண்டோலாண்டாவில் இத்தகைய கூடாரத் தோல்கள் கிடைத்திருக்கின்றன. கழுதை வழியில் விழுந்துவிட்டாலோ, தளபதி விரைவுக்காகப் பொதிகளைப் பின்னால் விட்டுவிட்டாலோ, வீரனின் பங்கு மாறிவிடும். ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் 30 கிலோவிலிருந்து 45 கிலோவுக்கு மேல் வரை சிதறிக்கிடப்பதற்கு இதுவே காரணம்.

பண்டை நூல்களில் எடையை எண்ணாகவே சொல்லும் இடம் ஒன்று உண்டு. பேரரசின் பிற்காலத்தில் படைக்கலை நூல் எழுதிய வெகெட்டியஸ், இளம் வீரர்கள் 60 ராத்தல் வரை சுமந்துகொண்டு படைநடையில் செல்ல அடிக்கடி பழக்கப்பட வேண்டும் என்கிறார். ரோமானிய ராத்தல் சுமார் 327 கிராம். எனவே 60 ராத்தல் 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இந்த 20 கிலோ மூட்டை மட்டுமா, ஆயுதங்களும் அடங்கியதா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. கடினமான படையெடுப்புகளில் உணவையும் ஆயுதங்களையும் ஒருசேரச் சுமக்க வேண்டியிருக்கும் என்று அவர் காரணம் கூறுவதால் இரு விதமாகவும் படிக்க இடமிருக்கிறது. மூட்டையை மட்டும் குறிப்பதாக எடுத்துக்கொண்டால் நாம் மேலே கூட்டிய 17 கிலோவோடு அது நெருங்கிவருகிறது. நான் அந்தப் பக்கமே சாய்கிறேன். மேலும், ‘60 வரை’ என்பது பயிற்சிக்கான மேல் எல்லையே தவிர, நாள்தோறும் சுமந்த அளவன்று.

அதே நூலில் நடையின் வேகமும் வருகிறது: கோடைக்காலத்தின் ஐந்து மணி நேரத்தில் 20 ரோமானிய மைல். ரோமானியர்கள் பகற்பொழுதை எப்போதும் பன்னிரண்டாகவே பிரித்ததால் கோடையில் அவர்களது ஒரு மணி நேரம் நம்முடையதைவிட நீண்டது. உச்சக் கோடையில் ஏறத்தாழ 75 நிமிடம். ஆகவே ஆறேகால் மணி நேரத்தில் 29 கிலோமீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு நாலே முக்கால் கிலோமீட்டரை ஒட்டிய வேகம். வெறுங்கையோடு நடப்பவருக்கு இது சாதாரண நடை. 40 கிலோவோடு ஆறு மணி நேரம் இதே வேகத்தைக் காப்பது வேறு செய்தி.

மூட்டையை எப்படிச் சுமந்தார்கள் என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய சான்று ரோம் நகரில் கி.பி. 113இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணில் இருக்கிறது. டான்யூப் ஆற்றின் மீது படகுப்பாலத்தைக் கடந்து செல்லும் வீரர்கள் இடத்தோளில் ஒரு கோலைச் சாய்த்திருக்கிறார்கள். கோலின் தலைப்பில் பை, பாத்திரம், வலைப்பை ஆகியவை கட்டப்பட்டிருக்கின்றன. தலைக்கவசம் தலையில் இல்லாமல் தோளருகே தொங்குகிறது. கேடயத்தைத் தோல்வாரால் தோளில் தொங்கவிடும் வழக்கத்தை அதற்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் போலிபியஸும் குறிப்பிட்டிருக்கிறார். முதுகுப்பை ஏன் இல்லை என்று பலர் வியப்பதுண்டு. கோலில் கட்டிய சுமை முதுகில் கட்டியதைவிட வசதி குறைந்தது என்பதில் ஐயமில்லை: ஒரு கை எப்போதும் கோலைப் பிடித்தே இருக்க வேண்டும், ஒவ்வோர் அடிக்கும் மூட்டை ஆடும், தோளின் ஒரே இடத்தில் கோல் உராயும். ஆனால் எதிரி தென்பட்ட கணத்தில் தோளைத் தாழ்த்தினால் சுமை தரையில் கிடக்கும். அவிழ்க்க வேண்டிய வார் எதுவும் இல்லை. இந்த ஒரு நன்மைக்காக மற்ற எல்லா வசதியையும் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

அந்தக் கணம் எத்தனை முக்கியமானது என்பதை சீசரின் போர்க்குறிப்புகள் காட்டுகின்றன. கி.மு. 57இல் இன்றைய பெல்ஜியப் பகுதியில் வாழ்ந்த நெர்வியர் என்ற இனத்தாருக்கு, சீசரின் படையோடு வந்த அண்டை இனத்தார் சிலர் கூறிய ஆலோசனையே, முதற்படையணி மூட்டையோடு முகாமிடத்துக்கு வந்துசேரும் வேளையில், பின்னே வரும் படைகள் தொலைவில் இருக்கும்போதே தாக்குங்கள் என்பதுதான். சுமை ஏறிய வீரன் போர்வீரனாக இன்னும் மாறவில்லை என்பது எதிரிக்கும் தெரிந்திருந்தது. ஆற்றங்கரையில் தாக்குதல் நிகழ்ந்தபோது தலைக்கவசம் அணியவும் கேடய உறைகளைக் கழற்றவும்கூட நேரம் போதவில்லை என்று சீசர் எழுதுகிறார். எடைப்பட்டியலை ‘போருக்கு’, ‘நடைக்கு’ என இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் தேவையில்லை.

இதையெல்லாம் காகிதத்தில் கூட்டிப் பார்ப்பதோடு நிற்காமல் நடந்தே பார்த்தவர்களுள் முன்னோடி ஜெர்மானிய வரலாற்றாய்வாளர் மார்கஸ் யுங்கெல்மான். அவர் 1985இல் ஒரு சிறு குழுவோடு அகஸ்டஸ் காலப் படைவீரரின் முழு உடைமைகளையும் சுமந்து இத்தாலியின் வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் வரை 500 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். ஒவ்வொருவரும் சுமந்தது 40 கிலோவுக்கு மேல். அது இயலக்கூடியது என்பதை அந்த நடை ஐயமின்றி நிறுவியது. எல்லாப் படையெடுப்பிலும் அப்படியே சுமந்தார்கள் என்பதை அதனால் நிறுவ முடியாது. எந்த மீள்நிகழ்வாலும் முடியாது.

உடல் இந்தச் சுமைக்கு என்ன விலை கொடுக்கிறது? சுமப்பவரின் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்ற கணக்கு இருபதாம் நூற்றாண்டுப் படைகளில் பரவலாகப் பேசப்பட்டது. ரோமானிய வீரன் இன்றைய ஐரோப்பியரைவிடக் குள்ளமானவன்: கி.பி. 367ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று படையில் சேர்வோருக்கு ரோமானிய அளவில் 5 அடி 7 அங்குலம் போதும் என்றது, இன்றைய அளவில் சுமார் 165 செ.மீ. அவன் எடை 65 கிலோ என்று வைத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு 22 கிலோவுக்குள் முடிந்துவிடுகிறது. போர்க்கோலம் மட்டுமே அதைத் தாண்டிவிடும், முழுச் சுமையோ மூன்றில் இரண்டு பங்கை எட்டும். இது நம்ப முடியாத ஒன்றன்று. 1982இல் ஃபாக்லாந்து தீவுகளில் பிரிட்டிஷ் கடற்படைக் காலாட்கள் 36 கிலோவோடு மூன்று நாளில் 90 கிலோமீட்டர் நடந்தார்கள். வாகனங்களும் விமானங்களும் வந்த பிறகும் காலாளின் தோள் இலேசாகிவிடவில்லை.

எடை உடலின் எந்த உறுப்பில் இருக்கிறது என்பதும் ஆற்றல் செலவை மாற்றும். நடுவுடலில் கட்டிய சுமையைவிட, பாதத்தில் ஏறிய அதே அளவு சுமை பல மடங்கு ஆற்றலைத் தின்கிறது. ஏனெனில் ஒவ்வோர் அடியிலும் அதை முன்னோக்கி வீசி நிறுத்த வேண்டியிருக்கிறது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பியர் அணிந்த தலைமுதல் கால்வரையான தகட்டுக் கவசத்தின் பிரதிகளை, அவற்றை அணிந்து பழகியவர்களுக்கே அணிவித்து நடைப்பொறியில் நடக்கவிட்டு மூச்சை அளந்தார்கள். நடப்பதற்கான ஆற்றல் செலவு இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. கால்களில் ஏறியிருந்த தகடுகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ரோமானியக் காலாள் பெரும்பாலும் கால்களை வெறுமையாக விட்டு உலோகத்தைத் தோளிலும் தலையிலும் கேடயத்திலும் வைத்தான். பகலெல்லாம் நடப்பதையே தொழிலாகக் கொண்ட படைக்கு அது பொருத்தமான ஏற்பாடு.

செருப்பின் ஆணிகளைப் பற்றி ஒரு சொல். மண்பாதையிலும் புல்வெளியிலும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் அந்த ஆணிகள் வழவழப்பான கல்லில் வழுக்கும். எருசலேம் முற்றுகையின்போது பித்தீனியாவைச் சேர்ந்த ஜூலியானஸ் என்ற நூற்றுவர் தலைவன் தனியாளாக எதிரிகளை விரட்டிச்சென்று, கோயில் தளத்தின் கற்பாவில் ஆணிச் செருப்பு வழுக்கி விழுந்து கொல்லப்பட்டதை ஜோசீபஸ் விவரிக்கிறார். மீள்நிகழ்த்துநர்கள் தார்ச்சாலையிலும் அருங்காட்சியகத்தின் பளிங்குத் தரையிலும் குறுகிய அடிவைத்து நடப்பதன் காரணம் இதுவே. இருபது முப்பது கிலோ எடையோடு வழுக்கினால் எழுவது எளிதன்று.

மீள்நிகழ்த்துநர் அளந்து சொல்லும் எடையை அப்படியே பண்டை வீரனுடையதாகக் கொள்வதில் இரு பக்கமும் எச்சரிக்கை வேண்டும். அகழாய்வில் கிடைக்கும் தலைக்கவசங்களும் கவசப் பட்டைகளும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமே உடையவை. இன்று விற்பனைக்கு வரும் பிரதிகள் நீண்டகால உழைப்புக்காகவும் செய்வதன் எளிமைக்காகவும் சற்றுத் தடித்த தகட்டில் செய்யப்படுவதுண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரோமானிய வீரர்களாக நிற்பவர்களில் கணிசமானோர் அணிந்திருப்பது உத்தரப்பிரதேசத்தின் மீரட் நகரில் செய்து ஏற்றுமதியான கவசம் என்பது பலருக்குத் தெரியாது. கேடயத்துக்கும் இது பொருந்தும்: பட்டிகைகளை ஒட்டி விளிம்பை நோக்கி மெலியச் செய்வதற்குப் பதிலாகக் கடையில் வாங்கிய ஒட்டுப்பலகையை வளைத்தால் எடை கூடும். மறுபுறம், அணிபவர் பண்டைய வீரனைவிட உயரமானவராகவும் அகலமானவராகவும் இருப்பதால் அவருடைய கவசத்துக்கு அதிக இரும்பு தேவைப்படுகிறது. ஆனால் அவருடைய உடல் எடையோடு ஒப்பிட்டால் சுமையின் விகிதம் குறைந்துவிடுகிறது. மூட்டையிலோ நேர் எதிர்: கண்காட்சி நாளில் தோல்பைக்குள் வைக்கோலோ பஞ்சோ திணித்திருப்பவர்களும் உண்டு, அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு பழக்கத்தில் இருக்கிறது. பயிற்சியில் உண்மையான எடையைப் போல இரண்டு மடங்கு கனமுள்ள பின்னற்கேடயமும் மரவாளும் கொடுக்கப்பட்டன என்று வெகெட்டியஸ் கூறுகிறார். அதன் பிறகு கைக்கு வரும் இரும்பு இலேசாகத் தோன்றும். நல்ல வீரர்கள் கேடயத்தையும் வாளையும் தலைக்கவசத்தையும் சுமையாகவே எண்ணுவதில்லை, தோள் கை போன்ற உறுப்புகளாகவே கருதுகிறார்கள் என்று சிசெரோ சொன்னதில் சொற்பொழிவாளரின் மிகை இருந்தாலும் அடிப்படை உண்மைதான். வார இறுதியில் மட்டும் கவசம் பூணும் ஆசிரியருக்கோ பொறியாளருக்கோ அந்த உறுப்பு முளைக்க வாய்ப்பில்லை. புதிதாகச் சேர்பவர்கள் முதலில் செருப்பை மட்டும் அணிந்து பல வாரம் நடந்து பழகி, பிறகு கவசம், அதன் பிறகு கேடயம், கடைசியாக மூட்டை என்ற வரிசையில் ஏற்றிக்கொண்டால் பாதமும் தோளும் பிழைக்கும். ரோமானியப் படையில் இதற்கு நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அகஸ்டஸ், ஹேட்ரியன் ஆகிய பேரரசர்களின் விதிகளின்படி மாதம் மூன்று முறை காலாட்படை முழு ஆயுதங்களோடு முகாமிலிருந்து 10 மைல் சென்று திரும்ப வேண்டும்; அந்தத் தொலைவில் ஒரு பகுதியை ஓடியே கடக்க வேண்டும்.